நின்று கேட்ட கை

விடிவதற்கு முன், ஐந்து மணி. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. தெருவில் ஈ காக்கை இல்லை. கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. ஒரே ஒரு தெருவிளக்கு மட்டும் எரியலாமா, அணையலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு அடியில், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு மனிதர் விறுவிறுவென்று போகிறார்... தன்னுடைய கடைக்குத்தான். திறக்க வேண்டிய நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

ஏன் போகிறார்? தூக்கம் வரவில்லை. ஒரு சின்ன விஷயம்தான். ஒரு கிடார், ஆறு கம்பி. ராத்திரி இறுக்கி, சுருதி சேர்த்து, பூட்டிவிட்டுப் போனால் காலையில் ஆறும் தளர்ந்து கிடக்கின்றன. அவ்வளவுதான். அதற்குக் காரணம் அவருக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் இருப்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் அந்த டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். முகத்தில் அடித்தால் கதை வராது. கரண்ட் வந்தால் ரெக்கார்டிங், வராத வரைக்கும் இது. யாராவது வெளியே போவதாக இருந்தால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பிறகு துணைக்குக் கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டீர்கள்.

நம்முடைய பாலீஷ் இருக்கிறான் அல்லவா, வாத்தியங்களுக்கு மெருகு போடுகிறவன்? அவனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது இது. அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவர் 'விளக்கம்'. அவரிடம் கொடுத்த கிடார் சரியாகாமல்கூடத் திரும்பி வரலாம்... விளக்கம் கேட்காமல் நீங்கள் திரும்பி வர முடியாது.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் மச்சானும் மச்சானுமாக நடத்துகிற பட்டறை. ஏறுவதற்கு இரும்புப் படி, மிதித்தால் கடைசிப் படி மட்டும் 'ணங்' என்று சொல்லும். ஒரு கதவு. கம்பி போட்ட ஒரு ஜன்னல். சாவி இரண்டு. ஒன்று எப்போதும் விளக்கத்திடம், இன்னொன்று எப்போதும் பாலீஷிடம். அந்தக் காலை மட்டும் இரண்டு சாவியும் விளக்கத்தின் பையில் இருந்தன. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார். உள்ளே தின்னர் வாசனை, கோந்து வாசனை, மரத்தூள் வாசனை, எல்லாம் வழக்கம்போல. அதற்கெல்லாம் மேலே... மெல்லிசாக... கற்பூரம்.

விளக்கைப் போட்டார். மேசைமேல் கிடார் வைத்தபடியே இருந்தது. ஆறு கம்பியும் மழையில் நனைந்த துணிக்கொடி மாதிரித் தொங்கின.

இந்தக் கிடார் எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி கொண்டுவந்தாள். நாற்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, அதட்டுகிற குரல். எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியைத் திறந்ததும் பாலீஷ் சீட்டி அடித்தான். நூறு வயதான ஆர்ச்டாப். சாதாரணக் கிடாரின் மேல்பலகை தட்டையாக இருக்கும் இல்லையா, இதில் வயலினைப் போலச் செதுக்கி, வயிறு எழும்பினாற்போல் வளைத்திருப்பார்கள்.

"எங்கப்பாவோடது. ஓட்டல்ல ராத்திரி சாப்பாட்டு நேரத்துல வாசிச்சுட்டிருந்தார். ஆயுசு முழுக்க அதே ஓட்டல், அதே மேடை, அதே பியானோ பக்கத்துல" என்றாள் டிரைவரம்மா. "கம்பி நிக்கவே மாட்டேங்குது சார். எத்தனையோ பேர்கிட்ட காட்டியாச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சா, விடிஞ்சதும் தொளதொளன்னு கெடக்கு."

பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். துணியில் சுற்றிய இரண்டு பித்தளைப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று முறுக்காணி, பழுப்பேறிய மூன்று குமிழ். கிடாரின் தலையில் பின்பக்கம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பொருத்த வேண்டியவை.

"இதுதான் அந்தக் காலத்து கீ. மொத சம்பளம் வந்ததும் நான்தான் ஆசை ஆசையா பளபளன்னு புதுசு வாங்கி மாட்டிக் குடுத்தேன். அப்பா ஒரே ஒரு தடவை கையில எடுத்தார். சுருதி சேர்க்கறப்ப ஒரு கம்பி பட்டுன்னு அறுந்து கன்னத்துல அடிச்சுது. 'இது நான் சொல்றதுக்கு எதிரா போகுதும்மா'ன்னார். கிடாரை ஆணியில மாட்டி வச்சுட்டார். அப்புறம் சாகற வரைக்கும் தொடல." டப்பாவை மேசைமேல் வைத்தாள். "அவர் போனதுக்கு அப்புறம்தான் சார் கம்பி இறங்க ஆரம்பிச்சுது. பழசையே மாட்டிக் குடுத்துடுங்க. அவர் வச்சிருந்த மாதிரியே."

"அப்படியே வச்சுத் தரேன்" என்றார் விளக்கம்.

இந்த வார்த்தையை மறக்காதீர்கள். அப்படியே.

அவள் போனதும் பாலீஷ் கேட்டான்: "மாமா, கம்பி தானா இறங்குமா?"

கேட்டிருக்கக் கூடாது. விளக்கம் ஒரு பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இங்க பாரு மாப்ள. இது முளை, கம்பி இதுலதான் சுத்தும். முளையோட அடியில சின்னப் பல்சக்கரம். சக்கரத்துக்குப் பக்கத்துல, படுத்தாப்புல, மரை வெட்டின தண்டு. குமிழைத் திருகினா தண்டு சுத்தும். தண்டு ஒரு முழுச் சுத்து சுத்தினா சக்கரம் ஒரே ஒரு பல்லு நகரும். அதனாலதான் இம்மி இம்மியா சுருதி சேர்க்க முடியுது. சரியா? இப்ப சக்கரத்தைப் புடிச்சு நீ தண்டைச் சுத்து பார்ப்போம்."

பாலீஷ் முளையைப் பிடித்து முறுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

"அதான்! தண்டு சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் தண்டைத் திருப்பவே முடியாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் குமிழ் அசையாது. எங்க வீட்டு மாதிரி. உங்கக்கா திருப்பினா நான் திரும்புவேன். நான் திருப்பினா அவ திரும்புவாளா?"

"அது சரி, சாப்பாடு யாருக்கு வேணும்?" என்றது வாசல். அக்கா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

வேலை ஆரம்பமாயிற்று. விளக்கம் கைராசிக்காரர், அதில் சந்தேகமில்லை. புது முறுக்காணிகளுக்காக யாரோ அகலப்படுத்தியிருந்த ஓட்டைகளை, அதே சாதி மரத்தில் ஆப்பு சீவி அடைத்து, பழைய அளவுக்கு மறுபடி துளை போட்டார். பட்டைகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பல்லிடுக்கில் தாராக உறைந்திருந்த பழைய கிரீஸைப் பல்தேய்க்கும் பிரஷால் எடுத்தார். ஒரு தண்டு லேசாக வளைந்திருந்தது. அதை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் வைத்து, பாக்குவெட்டிபோல் நறுக்கென்று அமுக்காமல், பாம்புக்குக் கட்டுப்போடுகிறவர் மாதிரி மெல்ல மெல்ல நிமிர்த்தினார். இந்தப் பித்தளைச் சக்கரங்களை இன்று யாரும் செய்வதில்லை. ஒரு பல் போனால் போனதுதான்.

குமிழ்களைத் துடைக்கும்போது பாலீஷ் விரலை மோந்து பார்த்தான். "என்ன மாமா, கற்பூரம் வீசுது?"

"வீசும். இது செல்லுலாய்டு. பருத்தியும் கற்பூரமும் சேர்த்துக் காய்ச்சின பழைய பிளாஸ்டிக். அந்தக் காலத்து பிங்பாங் பந்தும் இதுதான். சும்மா கெடந்தா வாசனை வராது. விரல் சூடு பட்டுத் தேய்ச்சா வரும்." அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "கற்பூரம் வீசினா யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

கடைசியாகப் பட்டையைப் பொருத்துகிற நேரம். கிடாரின் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு பாலீஷ் முனகினான். பழைய மெருகில் பித்தளைப் பட்டை அழுந்தியிருந்த இடம் வெளிறித் தடமாகத் தெரிந்தது. புதுசு மாட்டின பிறகும் அது முழுக்க மறையவில்லை.

"மாமா, இந்தத் தடத்தைப் பாருங்க. பட்டையோட நீள முனை மேல்பக்கம் இருந்திருக்கு. நீங்க கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி வைக்கறீங்க. இடது வலது மாறிப் போகுது."

"தெரிஞ்சுதான் வைக்கறேன். கம்பி இழுக்கறப்ப முளை எந்தப் பக்கம் சாயும்? கழுத்துப் பக்கம். தண்டு கழுத்துப் பக்கம் இருந்தா சக்கரம் அதுமேல நல்லா அழுந்தி உக்காரும். மறுபக்கம் இருந்தா விலகும், ஆட்டம் வரும், பல்லு தேயும். செஞ்சவங்களே பின்னாடி இதைப் புரிஞ்சுக்கிட்டு மாத்திட்டாங்க. இன்னைக்கு வர்ற கிடார் எல்லாமே இப்படித்தான். ரெண்டு பட்டைக்கும் ஓட்டை ஒரே இடைவெளிதானே? இடது பக்கத்தோடத வலது பக்கம் வச்சா தானா சரியாயிடும்."

"அந்தம்மா அப்படியேன்னு சொன்னாங்களே."

"இதைவிட நல்லா வச்சா வேணாம்னா சொல்லப்போறாங்க? தடத்தைத் தேய்ச்சு எடுத்துடு."

பாலீஷ் தேய்த்து எடுத்துவிட்டான். மெருகு போட்டான். கண்ணாடி மாதிரி ஆயிற்று. தடம் போயிற்று.

அன்று மாலை கம்பி கட்டி, பழைய கிடாருக்கு எல்லாரும் செய்கிறபடி ஒரு கட்டை இறக்கியே சுருதி சேர்த்து, பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை... துணிக்கொடி.

கம்பி வழுக்குகிறதோ என்று புதுக் கம்பி போட்டார். மறுநாளும் அதே கதை. அப்புறம்தான் அவருடைய மூளை வேலை செய்தது. குமிழ் ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார், பட்டையில் அதற்கு நேராக இன்னொரு புள்ளி. கம்பி வழுக்கினால் புள்ளி நகராது. குமிழ் சுற்றினால் நகரும். காலையில் வந்து பார்த்தார். ஆறு புள்ளியும் ஆறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

குமிழ் சுற்றியிருக்கிறது. கம்பியால் குமிழைச் சுற்ற முடியாது. அப்படியென்றால் ஒரு கை சுற்றியிருக்கிறது.

பாலீஷ் டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்தான். 'ணங்'.

"மாப்ள, கதவு பூட்டினபடி இருந்துச்சு. ஜன்னல்ல கம்பி. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட" என்றார் விளக்கம்.

"ஆமா."

"இன்னொண்ணு?"

பாலீஷ் முதலில் சிரித்தான். "மாமா, நான் ராத்திரி குறட்டை விட்டுட்டிருந்தேன். வேணும்னா மாடி வீட்டுக்காரனைக் கேளுங்க. அவன்தான் தெனமும் சுவத்தைத் தட்டறான்."

"விளையாடாத. தண்டு தானா சுத்தாது. கை வேணும்."

"கை வேணும்னா... என் கையா?"

விளக்கத்தின் கண் அவன் இடுப்பில் இருந்த சாவிக்குப் போயிற்று. அதுவே போதுமானதாக இருந்தது. பாலீஷ் டீயை மேசைமேல் வைத்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

"எத்தனை வருஷமா உங்ககூட உக்காந்து மரத்தூள் முழுங்கியிருக்கேன். எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கீங்க மாமா. மனுஷனுக்கு மட்டும் வைக்கல."

படியிறங்கிப் போய்விட்டான்.

அன்று இரவு வீட்டில் தட்டு 'டங்' என்று வந்து உட்கார்ந்தது. "என் தம்பி சாவியைத் திருப்பிக் குடுத்துட்டான். நீங்க வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?" என்றாள் அக்கா.

"காரணம் தெரியட்டும்."

"தெரியற வரைக்கும் என்கிட்ட எதுவும் பேசாதீங்க. நாளைலருந்து சாப்பாடும் கடையிலேயே பாத்துக்குங்க."

ஆக, அந்த விடிகாலையில் அவர் ஏன் தூங்காமல் ஓடினார் என்று இப்போது புரிகிறதா? இரண்டு சாவியும் பையில். கம்பி தளர்ந்திருந்தால் மச்சான்மேல் தப்பில்லை, பழி சுமத்தியவர் பாவி. தளராமல் இருந்தால் மச்சானேதான் செய்தது. எப்படிப் பார்த்தாலும் ஒரு உறவு போயிற்று.

தளர்ந்திருந்தது. கற்பூரம் வேறு.

நியாயமான மனுஷன் அங்கேயே போய் மச்சான் காலில் விழுந்திருப்பான். நம்முடைய ஆள் என்ன யோசித்தார் தெரியுமா? 'மூணாவதா ஒரு சாவி செஞ்சு வச்சிருப்பானோ?' அப்படிப்பட்ட மூளை. அது பயத்துக்குக்கூட இடம் கொடுக்காது.

அன்று ராத்திரி அவரே பட்டறையில் தங்கினார்.

(யாரது படபடவென்று? ஜன்னலா? சரி, சாத்திவிட்டு வா. பக்கத்தில் வந்து உட்கார்.)

சுருதி சேர்த்தார். கிடாரை மேசைமேல் வைத்தார். அதன் முன்னால் அவர் வேலை செய்கிற ஸ்டூல், தோல் மெத்தை வைத்தது. விளக்கை அணைத்தார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். கதவை ஒட்டி, மெருகுச் சாமான்கள் வைக்கிற பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே ஒரு துண்டு விழுந்தது, சரியாக மேசையின் பாதிக்கு. கிடாரின் தலை வெளிச்சத்தில், உடம்பு இருட்டில்.

நேரம் போயிற்று. கீழே ஒரு நாய் நடந்து போன நகச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

தோல் மெத்தை 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று விட்டது.

யாராவது உட்கார்ந்தால் விடுமே, அந்தச் சத்தம்.

கற்பூர வாசனை வந்தது... மெதுவாக, ஒரு விரல் சூடாகிற வேகத்தில்.

டிங்.

தடிமனான கம்பி. தெளிவாக, மெல்ல.

டிங். அடுத்த கம்பி.

கிர்ர்... கிர்ர்...

அவர் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். படியில்தான் மணி அடிக்கும் என்று அவருடைய மனதில் பாதி இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. படியில் ஒன்றும் அடிக்கவில்லை. போனுக்குள், ரொம்பத் தூரத்தில், தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

"என்ன மாமா... மன்னிப்பு கேக்க இதுவா நேரம்?"

"பேசாத. கேளு." போனை மேசைப் பக்கம் நீட்டினார்.

டிங். டிங். கிர்ர். டொய்ங்ங்...

"ஏன் மாமா சுருதியை இறக்கறீங்க?"

"நான் தொடல மாப்ள. நான் கதவுகிட்ட நிக்கறேன்."

போனுக்குள் படுக்கை கிறீச்சிட்டது. பாலீஷ் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "அப்ப யாரு தொடறா?"

"யாரும் இல்ல."

வெளிச்சத் துண்டுக்குள் ஒரு குமிழ் திரும்பியது. கொஞ்சம் நின்றது. மறுபடி திரும்பியது. அவர் வைத்த வெள்ளைப் புள்ளி மேலே போனது, மறைந்தது, அடியிலிருந்து வந்தது. விளக்கத்தின் கண்கள் குமிழிலிருந்து கழுத்துக்கு இறங்கின. அங்கே ஐந்தாவது ஃப்ரெட் என்கிற குறுக்கு உலோகக் கோட்டுக்குப் பின்னால்... கம்பி கீழே அழுந்தியது. யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி. எழும்பியது. அழுந்தியது.

டிங். டிங்.

போனிலிருந்து பாலீஷின் குரல், கிசுகிசுப்பாக: "மாமா... ஒண்ணு கேக்கட்டுமா?"

"ம்."

"இறக்கறவன் எதுக்கு மாமா ஒவ்வொரு தடவையும் நின்னு கேக்கறான்?"

விளக்கம் அப்போதுதான் காதைக் கொடுத்துக் கேட்டார்.

உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுகிறோம், அடுத்த கம்பியைச் சும்மா மீட்டுகிறோம், இரண்டும் ஒன்றாகச் சேருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்கிறோம். கழற்றுகிறவன் இதைச் செய்ய மாட்டான். இது சுருதி சேர்க்கிற கை. விளக்கம் இறக்கி வைத்த சுருதி அந்தக் காதுக்குப் போதவில்லை. அதை ஏற்றத்தான் அந்தக் கை குமிழைத் திருகுகிறது, வாழ்நாள் முழுக்கத் திருகிய அதே பக்கம். தண்டு பக்கம் மாறியதில் திருகுகிற திசையும் தலைகீழாகிவிட்டதால், ஏற வேண்டிய சுருதி இறங்குகிறது. இறங்கிவிட்டதே என்று இன்னும் திருகுகிறது. இன்னும் இறங்குகிறது...

கிர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்ர்...

வேகம் கூடியது. இப்போது அந்தக் கை நின்று கேட்கவில்லை. ஒரு கம்பி, அடுத்த கம்பி, அடுத்தது. பித்தளைப் பல் ஒன்று 'ணிக்' என்று கத்தியது. கடைசிக் கம்பியும் தொய்ந்து பலகையில் விழுந்த சத்தம் கேட்டது.

அமைதி.

பிறகு அந்தத் தோல் மெத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக, உப்பி எழுந்தது.

விளக்கம் நின்ற இடத்தைத் தாண்டிக் கற்பூரம் போயிற்று. தாழ்ப்பாள் அசையவில்லை. வெளியே, கடைசிப் படி மட்டும்...

'ணங்'.

"மாமா? மாமா! இருக்கீங்களா?"

"எதிரா போகுது" என்றார் விளக்கம். அவருக்கே தன் குரல் அடையாளம் தெரியவில்லை. "அந்தம்மா சொன்னாங்களே மாப்ள. 'நான் சொல்றதுக்கு எதிரா போகுது.' அவங்க மாட்டிக் குடுத்த புதுசும் இன்னைக்கு வழக்கத்துல செஞ்சது. நான் மாட்டினதும் இன்னைக்கு வழக்கத்துல மாட்டினது."

பாலீஷ் வந்து சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் அவன் பெண்டாட்டி செருப்பு. கதவைத் திறந்ததும் விளக்கம் சொன்ன முதல் வார்த்தை: "நீ அன்னைக்கே தடத்தைக் காட்டின."

"மாமா, இது மன்னிப்பா, விளக்கமா?"

"விளக்கம்."

"எனக்கு மன்னிப்புதான் வேணும்."

விளக்கம் பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். "மன்னிச்சுடு மாப்ள. எல்லாத்துக்கும் காரணம் தெரியும்னு நினைச்சுட்டேன்."

"தெரியாட்டி என்ன, கேட்டா சொல்லிட்டுப் போறேன்" என்றான் பாலீஷ். உடனே பட்டைகளைப் பிடித்திருந்த பன்னிரண்டு திருகாணிகளையும் கழற்ற ஆரம்பித்தான்... அந்த ஸ்டூலில் உட்காராமல். அதை இரண்டு பேருமே தொடவில்லை. நின்றுகொண்டேதான் வேலை செய்தார்கள். தடம் அழிந்துபோயிருந்தது, ஆனால் தேய்த்தவனுக்கு அது நினைவில் இருந்தது. அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் விளக்கம் பட்டையை வைத்தார்.

புதுக் கம்பி கட்டினார்கள். இந்த முறை சுருதி சேர்க்கவில்லை. வேண்டுமென்றே தொய்வாக விட்டார்கள். மாலையில் பூட்டி, இரண்டு சாவியையும் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். இரண்டு பேருக்கும் அன்று சாப்பாடு கிடைத்தது.

காலையில் டிரைவரம்மாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தாள். நாலு பேரும் படியேறினார்கள். அக்காதான் பூட்டைத் திறந்தாள்.

கற்பூரம். முன்னைவிட அதிகம்.

கம்பிகள் நேராக, இழுத்துக் கட்டின மாதிரி நின்றன. பாலீஷ் தயங்கித் தயங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவை வருடினான். ஆறும் ஒரே குடும்பமாகப் பேசின. இவ்வளவு சுத்தமாகச் சேர்ந்த சுருதியை அவன் கேட்டதில்லை என்றான். விளக்கத்துக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. சுருதி காட்டுகிற டியூனரைக் கிடாரின் தலையில் மாட்டிப் பார்த்தார்.

"அரைக் கட்டை கம்மியா இருக்கே. ஆறுமே சரியா அரைக் கட்டை கம்மி" என்றார்.

டிரைவரம்மா கிடாரின் பக்கம் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஓட்டல் பியானோ ரொம்பப் பழசு சார். மேல ஏத்தினா கம்பி தாங்காதுன்னு அரைக் கட்டை இறக்கியே வச்சிருப்பாங்க. அப்பா அதுக்குத்தான் சேர்ப்பார்" என்றாள். "வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் சிரிப்பாங்க, அவர் கிடார் மட்டும் ஊரோட ஒத்துப்போகாதுன்னு."

அவள் மெதுவாக வந்து ஒரு குமிழைத் தொட்டாள். சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடி தொட்டாள்.

"சூடா இருக்கு" என்றாள். அப்புறம், "புதுசு மாட்டினதுக்கு என்மேல கோவம்னுல்ல இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன்."

அவ்வளவுதான் நடந்தது. கிடாரை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா மாட்டி வைக்கிற அதே ஆணியில் மாட்டிவிட்டாள். கம்பி இறங்குகிற பிரச்சினை அதோடு தீர்ந்தது. இதே கோளாறோடு உங்களிடம் யாராவது பழைய ஆர்ச்டாப் கொண்டுவந்தால் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு பட்டையையும் கழற்றி, இடது பக்கத்தை வலது பக்கமும் வலது பக்கத்தை இடது பக்கமுமாக மாற்றிப் போடுங்கள். தண்டு சக்கரத்துக்கு மேல்பக்கம் வரும், குமிழ் பழைய திசையில் திரும்பும். சுருதி நீங்கள் சேர்க்க வேண்டாம்.